பன்னிரண்டு தலைகள்

எட்டரைக்குக் கப்பல் கதவைத் திறக்கும்.
ஒன்பதுக்குள் என் வண்டி நிறைந்தாக வேண்டும்:
பன்னிரண்டு தலைகள், பன்னிரண்டு துண்டுகள்,
சன்ஸ்கிரீன் நெடி.
"என் பெயர் வெர்னெல். பிரேக் நன்றாக இருக்கிறது.
ஹாரன் அதைவிட நன்றாக இருக்கிறது."
ஒன்பது வருடத்துப் பழைய நகைச்சுவை.
இன்றும் சிரித்தார்கள்.

மலை ஏறும் முதல் வளைவில்
நீலத் தார்ப்பாய் போட்ட கூரை,
மதில்மேல் பள்ளிச் சீருடையில் ஒரு பையன்.
கையசைத்தான்.
இரண்டு தடவை ஹாரன் அடித்தேன்.
மொத்த வண்டியும் திரும்பிக் கையசைத்தது.
"இந்த ஊர் ஜனங்களுக்குத்தான் எவ்வளவு அன்பு!" என்றாள்
பின் இருக்கையில் ஒருத்தி.
ஆமாம் மேடம், என்றேன்.
அவனுக்குக் காலையில் முட்டை பொரித்துப் போட்டது நான்தான் என்று
சொல்லியிருக்கலாம்.
வண்டி இரண்டாம் கியரில் திணறிக்கொண்டிருந்தது.

முதல் அருவி.
டிக்கெட் கூண்டில் ஒட்டிய படத்தில்
அருவிக்கு இடப்பக்கம் பெரிய மரமொன்று நிற்கும்.
புயலுக்கு முந்தைய படம்.
இப்போது மரமும் இல்லை, இடப்பக்கமும் இல்லை.
பாறை சரிந்து, தண்ணீர்
வேறொரு வாய் வழியாக விழுகிறது.
சிவப்புத் தொப்பி ஹாக்லண்ட்
படத்தையும் அருவியையும் மாறி மாறிப் பார்த்தார்.
"இது அதுதானா?"
அதே தண்ணீர்தான் சார், என்றேன்.
யோசித்துப் பார்த்தால் அதுவும் பொய்.

பதினொன்றே முக்காலுக்கு இறங்குகிறோம்.
அதே வளைவு. அதே மதில்.
அதே பையன்.
திங்கட்கிழமை, உச்சி வெயில்,
சீருடைச் சட்டை, ஒரு காலில் மட்டும் ஷூ.
கையசைத்தான்.
நிறுத்த முடியாது.
ஒரு வண்டி அகலமே உள்ள சாலை,
பின்னால் எங்கள் கம்பெனியின் இன்னும் நான்கு வண்டிகள்,
முதலாளியின் அட்டவணையில் வீடு என்று ஒரு நிறுத்தம் கிடையாது.
மைக்கில் என் குரல்
ஜாதிக்காயைப் பற்றிப் பேசிக்கொண்டே போனது,
சமர்த்துக் குரல், என்னைக் கேட்காமலே.

இரண்டாம் அருவிக்குத் தொங்குபாலம் தாண்டி
இருபது நிமிட நடை.
திரும்பி வந்ததும் தலை எண்ணினேன்.
ஏழில் தொலைந்தேன். மறுபடி ஒன்று, இரண்டு...
மற்ற ஷூ எங்கே?
மறுபடி ஒன்று.
"எல்லாரும் இருக்கிறோம் வெர்னெல்," என்றார் ஹாக்லண்ட்,
ஈரத் தொப்பியைப் பிழிந்தபடி.

பிறகு கடற்கரை. கரிய மணல்,
அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி.
குதித்துக் குதித்து நீருக்கு ஓடினார்கள்.
வறுத்த மீன், ரம் கலந்த பழச்சாறு,
சின்ன பாட்டிலில் மணல் அள்ளும் ஒருத்தி,
மணல் ஏன் கறுப்பு என்றொரு கேள்வி.
எரிமலை, எரிமலை என்று சொல்லிக்கொண்டே
ஐஸ் பெட்டிமேல் ஏறி நின்று
செல்போனைத் தூக்கிப் பிடித்தேன்.
ஒரு கோடு வந்தது.
போயிற்று.

நாலேகாலுக்கு வளைவில்
பன்னிரண்டு கைகள் தயாராக எழுந்து
அப்படியே இறங்கின.
மதில்மேல் ஒற்றை ஷூ.
ஆள் இல்லை.

துறைமுகத்தில் கைகுலுக்கினேன், படங்களில் நின்றேன்,
டிப்ஸை எண்ணாமல் பைக்குள் திணித்தேன்.
அந்த மலைச் சாலையில்
அத்தனை வேகம் நான் போனதில்லை.

வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்தான் கெர்லன்,
தலையில் நீர் சொட்ட.
"பள்ளிக்கூடம்?"
"குழாயில் தண்ணி வரலை. எல்லாரையும் அனுப்பிட்டாங்க."
"ஷூ?"
"நாய்."
"நாலு மணிக்கு எங்கே போனே?"
"ஆத்துல குளிச்சேன்."
டிக்கெட் இல்லாத, படம் ஒட்டாத ஆறு,
எங்கள் கொல்லைக்கு நாற்பது அடி கீழே.

பிறகு அவன் முறை:
"காலையில பன்னெண்டு பேர் கையாட்டினாங்க.
மத்தியானம் பத்துதான். ரெண்டு பேரை எங்கே விட்டே?
நீ ஹாரனும் அடிக்கலை."

ரெண்டு பேர் தூங்கிட்டாங்க, என்றேன்.
ஹாரனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல்
திறந்திருந்த வண்டிக் கதவுக்குள் கையை நீட்டி
இரண்டு தடவை அழுத்தினேன்.
மரவள்ளிப் பாத்திக்குள்ளிருந்து
பக்கத்து வீட்டு நாய் எழுந்து பார்த்தது,
வாயில் ஷூவோடு.